கரும்பொருக்கு

மூஞ்சூறுக்குக் கருவாடு,
எலிக்குத் தேங்காய்ச் சில்லு.
ஒடுகத்தூர் தாண்டி மலை தொடங்கும் ஓரத்தில்
நாற்பது தகரப் பெட்டிகளை
நேற்று சாயங்காலம் வேலியடியில் வைத்தோம்.
விடிகையில் ஆறு மூடியிருந்தன.
ஒன்றில் ஓணான்.
ஒன்றில் வெறுங்காற்று,
கருவாட்டை மட்டும் காணோம்.

பிள்ளையாரோட வண்டியைப் பிடிச்சிட்டீங்களே மேடம்
என்கிறார் டிரைவர் அன்சர் பாஷா.
வாரம் தவறாமல் சொல்கிறார்.
வாரம் தவறாமல் சிரிக்கிறேன்.

தேடுவது மூஞ்சூறை அல்ல,
அதன் காதுமடலுக்குள்
கடுகில் பத்தில் ஒரு பங்காய்
ஆரஞ்சு நிறத்தில் அப்பிக் கிடப்பதை.
உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுகிறார்கள்.
அது உண்ணியில்லை.
உண்ணியென்றால் கண்ணுக்குத் தெரியும்,
மாட்டு மடியிலிருந்து பிடுங்கி நசுக்கலாம்.
இதற்கு இந்த ஊரில் யாரும் பெயர் வைக்கவில்லை.
பார்த்தால்தானே பெயர்.

ஆறுகால் பருவத்தில் ஒரே ஒரு முறை கடிக்கும்.
பிறகு எட்டுக்கால் முளைத்து மண்ணுக்குள் போய்விடும்,
மனுஷ வாடையே வேண்டாமென்று.
கிருமியைத் தன் முட்டைகளுக்குப் பங்கு வைத்துவிட்டுச் சாகும்.
ஆயுளுக்கு ஒரு கடி.
அதற்குத்தான் இத்தனை குளிர், பிதற்றல், ஐசியூ, அடகுக்கடை.

கடித்த இடத்தில் ஒரு கரும்பொருக்கு.
பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள்:
வட்டமாக, நடுவே கருத்து, சுற்றிலும் சிவந்து, வலியில்லாமல்,
சிகரெட்டால் சுட்டது போலிருக்கும்.
எழுதிக்கொண்டேன்.
துணி இறுகும் இடங்களில் பாருங்கள் என்றார்கள்.
பாவாடை நாடா, அக்குள், மார்பின் அடி, தொடையிடுக்கு.
எந்த ஆண் டாக்டரிடமும்
எங்கள் பெண்கள் காட்டாத இடங்கள்.
அதனால்தான் எனக்கு இந்த வேலை.

பச்சையம்மாளுக்கு ஒன்பது நாளாய்க் காய்ச்சல்.
மாட்டுக்குப் புல்லறுக்கப் போய் வந்தவள்.
மெடிக்கலில் மூன்று முறை மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறாள்.
டைபாய்டு என்று ஒருவர் ஊசி போட்டிருக்கிறார்.
கார்த்திகை மழை விட்டும் விடாத பகல்.
புருஷன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்னாத்துக்குமா துணியெல்லாம் அவுக்கணும்,
ரத்தம்தான் எடுத்துகினியே என்றாள்.
கதவைச் சாத்தினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

முதுகில் இருந்தது.
வட்டமாக, கருத்து.
கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன்,
எட்டு மில்லிமீட்டர்.
பக்கத்தில் இன்னொன்று.
கீழே இரண்டு, பழையவை, வெளுத்தவை.
பயிற்சியில் பார்த்த அதே படம்.
'போல' என்ற சொல்தான் இல்லை.

அவள் திரும்பவில்லை.
அது பூச்சி இல்லமா, என்றாள்.
வெளியே துடைக்கும் சத்தம் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

நிஜப் பொருக்கு இடது மார்பின் மடிப்பில் இருந்தது,
யாருக்கும் தெரியாமல், வலிக்காமல்.
டாக்ஸிசைக்ளின், ஏழு நாள்.
மூன்றாம் நாளே எழுந்து புல்லுக்குப் போய்விட்டாளாம்.

படிவம் கேட்கிறது.
பொருக்கு? உண்டு. எத்தனை? ஒன்று.
வீட்டைச் சுற்றிப் புதர்? உண்டு.
வீட்டுக்குள் எலி? உண்டு.
பூச்சி கடித்த நினைவு? இல்லை.
வேறு குறிப்பு என்று
அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்ததில்
மை ஊறிப் புள்ளியாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் ஏற்றும் பையன் போன் செய்தான்.
அக்கா, அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன?
அழிக்காதே, என்றேன்.

பதினாலாம் நாள் இரண்டாம் ரத்தம் எடுக்க
எப்படியும் போக வேண்டும்.
அன்சர் பாஷாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
வாசலில் பைக் நிற்காத நேரமாகப் பார்த்து.